கதையும் வினைச்சொல்லும்

கதை என்பது யாது? ஒருவர் ஒன்றைச் செய்ததும், அதனால் மற்றொன்று விளைந்ததும், விளைந்ததை அவரோ பிறரோ தாங்கியதும் ஆகிய வரலாறே கதையாம். செயல் இல்லையேல் கதை இல்லை. செயலை உணர்த்தும் சொல் வினைச்சொல். ஆதலின் கதையின் உயிர் வினைச்சொல்லில் தங்கியுள்ளது என்று சொல்லுதல் மிகையன்று. இவ்வாறிருந்தும், கதை எழுதப் புகும் நம் மாணவ நண்பர்கள் பெயருக்கும் அடைமொழிக்கும் உவமைக்கும் நெடும்பொழுது செலவிடுகின்றனர். வாக்கியத்தின் இறுதியில் வினைச்சொல் வேண்டும் இடத்திலோ கைக்கு எட்டியதை எடுத்து வைத்துவிடுகின்றனர். நிலவை வருணித்தற்கு ஐந்து சொல் தேடியவர், அந்நிலவின்கீழ் ஒருவன் யாது செய்தான் என்பதற்கு ஒரு சொல்லும் தேடுவதில்லை. அவ்வொரு சொல்லைத் தேடும் வழியைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினை நிற்கும் இடம்

ஆங்கில வாக்கியத்தில் வினை நடுவில் நிற்கும்; அதன் பின்னும் சொற்கள் வந்து வாக்கியத்தை நிறைவிக்கும். தமிழ் வாக்கியத்திலோ வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும். படிப்பவர் எழுவாயைக் கடந்து, செயப்படுபொருளைக் கடந்து, இடமும் காலமும் கடந்து, கடைசியில் வினைமுற்றை அடைந்த பின்னரே பொருள் முற்றும் தெளிகின்றனர். 'கிழவர் கையிலிருந்த கடிதத்தை' என்னும் அளவில் நிறுத்திப் பாருங்கள். படித்தாரா, மடித்தாரா, கிழித்தாரா, கண்ணில் ஒற்றிக்கொண்டாரா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. அத்துணை எதிர்பார்ப்போடு வந்த வாசகருக்கு, 'கிழவரால் கடிதம் பார்வையிடப்பட்டது' என்று நாம் விடை கொடுப்போமாயின், பசித்து வந்தவர் இலையில் வெறுங்கையை உதறியவர் ஆவோம்.

மேலும், தமிழ் வினைமுற்று தனி ஒரு சொல்லாகவே நின்று வாக்கியமாகும் ஆற்றல் உடையது. 'வந்தாள்' என்றால், வருதல் என்னும் தொழிலும், இறந்தகாலமும், பெண்பாலும், ஒருமையும், படர்க்கையும் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வளவு பொருளைச் சுமக்கவல்ல ஒரு சொல்லை வெற்று ஓசையாக நிறுத்துதல் பெரியதோர் இழப்பேயாம்.

இலக்கணத்தார் தந்த அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், வினை உணர்த்தும் பொருள்கள் ஆறு என்று வகுத்தார். செய்தவர் யார், எக்கருவி கொண்டு, எவ்விடத்தில், என்ன தொழிலை, எப்பொழுது, எதனைச் செய்தார் என்பனவே அவை. தேர்வுக்கென்று இதனை மனப்பாடம் செய்யும் நாம், கதை எழுதும்போது மறந்துவிடுகின்றோம். உண்மையில் இவ்வாறும் கதை எழுதுவோருக்குக் கிடைத்த சிறந்த அளவுகோல்களாம். ஒரு வினை மெலிந்திருக்கின்றது என்றால், இவ்வாறனுள் வேண்டிய ஒன்று அதில் மறைந்துவிட்டது என்பதே பொருள். எது மறைந்தது என்று கண்டுகொண்டால் எதனைக் கொணர்தல் வேண்டும் என்பதும் விளங்கும்.

மெலிந்த வினைகள் நான்கு வகை

முதல் வகை, செய்தவரை மறைக்கும் வினை. 'கதவு தட்டப்பட்டது', 'உணவு பரிமாறப்பட்டது', 'அவன் அவமானப்படுத்தப்பட்டான்' என்பன போன்ற செயப்பாட்டு வினைகள் இவ்வகையின. 'அத்தை பரிமாறினாள்' என்ற அளவில், ஒரு கையும் ஓர் அகப்பையும் நம் கண்முன் வருகின்றன. 'பரிமாறப்பட்டது' என்ற அளவில் இலை மட்டும் நிற்கின்றது. அத்தை மறைந்து விடுகின்றாள்.

இரண்டாவது வகை, தொழிலைப் பெயராக்கி, அதன் பின் 'செய்', 'மேற்கொள்', 'ஏற்படு', 'நடைபெறு' முதலிய பொது வினைகளை ஊன்றுகோலாக நிறுத்துவது. 'பயணம் மேற்கொண்டான்' என்பதற்குப் 'புறப்பட்டான்' போதும். 'இருவருக்கும் இடையே வாக்குவாதம் ஏற்பட்டது' என்பதற்கு 'இருவரும் வாதிட்டனர்' என்றோ, சற்றுத் துணிந்து 'இருவரும் மோதிக்கொண்டனர்' என்றோ சொல்லலாம். வாக்குவாதம் தானாக ஏற்படும் பொருளன்று; வாய்திறந்த இருவர் அங்கே இருந்தனர். 'அவளுக்கு அழுகை ஏற்பட்டது' என்று எழுதுவோர், அவள் விம்மினாளா, தேம்பினாளா, குமுறினாளா, அன்றிக் கண்ணீர் வெளிப்படாது உள்ளே பொருமினாளா என்பதைக் காணாமலே எழுதுகின்றனர்.

மூன்றாவது வகை, தொழிலே இல்லாத வினை. 'இருந்தது', 'காணப்பட்டது', 'உள்ளது' என்பன அவை. 'சுவரில் ஒரு படம் காணப்பட்டது. மேசைமேல் ஒரு விளக்கு இருந்தது. மூலையில் ஒரு குடை இருந்தது' என்று வரிசையாக எழுதினால், அது கதையாகாது. ஏலத்திற்கு விடும் பொருள்களின் பட்டியலாகும். 'படம் ஒருபுறம் சாய்ந்து தொங்கிற்று, விளக்கு புகைந்தது, மூலையில் சாத்திய குடையிலிருந்து நீர் சொட்டிற்று' என்றால், அவ்வறையில் சற்றுமுன் ஒருவர் நுழைந்தார் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

நான்காவது வகை, பொதுவினை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் குறையை அடைமொழியால் நிரப்புவது. 'மிக மெதுவாக நடந்தான்' என்பது ஒன்றும் தவறன்று. ஆயினும், நோயாளி தள்ளாடுவான், குழந்தை தத்தும், கள்வன் பதுங்குவான், காலில் முள் தைத்தவன் நொண்டுவான், களைத்தவன் காலை இழுப்பான். நால்வரும் ஐவரும் 'மிக மெதுவாக நடந்தனர்' என்று எழுதுவோமாயின் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டியவர் ஆவோம். உண்ணுதலும் அவ்வாறே. உண்டான், தின்றான், பருகினான், மென்றான், விழுங்கினான், உறிஞ்சினான், கொறித்தான் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால், உண்டவனுடைய பசியும் வளர்ப்பும் அச்சொல்லோடு வந்துவிடும். 'அவன் ஏழை' என்று தனியே எழுதவேண்டிய தேவை குறையும்.

இத்தகைய சொற்களை எங்குத் தேடுவது? நிகண்டு நூல்கள் செயல் பற்றிய பெயர்களுக்கெனத் தனித் தொகுதியே வகுத்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நம் நூலகங்களில் உண்டு. இவற்றினும் பெரிய களஞ்சியம் ஒன்று வீட்டிலும் தெருவிலும் இருக்கின்றது. மழை நின்றதனை 'மழை வெறித்தது' என்று சொல்லும் முதியோர் இன்றும் உளர். பானை ஒழுகும், கூரை சொட்டும், சுவர் கசியும், கண் சுரக்கும், வாய்க்கால் வழியும். நீர் ஒன்றுக்கே நாட்டு மக்கள் வழங்கும் வினைகள் எத்தனை! இவற்றை விடுத்து 'நீர்க்கசிவு ஏற்பட்டது' என்று எழுதுதல் நெல்லிருக்க உமி குற்றுதலேயாம்.

'படு' வந்த வழி

செயப்பாட்டு வினை தமிழுக்கு முற்றிலும் புறம்பானது என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. 'படும்' என்னும் முடிபு திருக்குறளில் பலவிடத்து வருதலை நாம் அறிவோம். ஆயினும் பழந்தமிழர் இதனை அளவோடு ஆண்டனர் என்பதும், செய்தவரைச் சுட்டாது சொல்லுதற்கு வேறு வழிகளும் அவர்க்கு இருந்தன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. செயப்படுபொருளையே வினைமுதல் போல நிறுத்திக் கூறுதலும் உலக வழக்கில் மரபே என்று தொல்காப்பியர் வினையியலில் இசைவு தந்துள்ளார். 'வீடு வேய்ந்தாயிற்று', 'கஞ்சி காய்ச்சியாயிற்று' என்று இன்றும் நாம் பேசுவது இதனோடு ஒத்த போக்கேயாம்.

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்து தொண்டாற்றிய கால்டுவெல் ஐயர், 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இப்பொருளை நன்கு ஆராய்ந்திருக்கின்றார். திராவிட மொழிகளில் செயப்பாட்டிற்கென்று தனி விகுதி இல்லை என்பதும், 'படு' என்னும் துணைவினை சேர்த்தும் 'உண்' என்னும் வினை சேர்த்தும் அப்பொருளை உணர்த்துவர் என்பதும் அவர் காட்டியவை. 'அடியுண்டான்' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அடியை ஒருவன் உணவுபோல் உண்கின்றான்! நம் ஊர்ப் பேச்சில் அவன் அடி 'வாங்குகின்றான்', வசவும் 'வாங்குகின்றான்', வலையில் 'மாட்டிக்கொள்கின்றான்', பிறர் சூதினால் 'ஏமாறுகின்றான்'. துன்புற்றவனைக்கூட வெறும் பொருளாக்காமல், ஏதேனும் ஒரு செயலுக்கு உரியவனாக நிறுத்துகின்றது தமிழ்ப் பேச்சு. 'அவன் ஏமாற்றப்பட்டான்' என்பதில் அவன் ஒரு மூட்டை. 'அவன் ஏமாந்தான்' என்பதில் அவன் மனிதன்.

அங்ஙனமாயின் 'பட்டது' இவ்வளவு பெருகியது எவ்வாறு? மொழிபெயர்ப்பும், நீதிமன்றமும், அரசாங்க அலுவலகமும், செய்தித்தாளும் இதற்குப் பெரிதும் காரணம் என்று யாம் கருதுகின்றோம். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்க்குப் 'படு' எளிதில் உதவும். கிரேக்கத்தினின்றும் எபிரெயத்தினின்றும் பெயர்த்த எம் வேதாகமத் தமிழிலும் இவ்வடிவம் மிகுதி. ஆயினும் செய்தவர் இறைவன் என்பதை வாயால் கூறாது பணிந்து மறைக்கும் மரபு மூலத்திலேயே உள்ளமையின், அங்கு அஃது ஒரு நயமாகும் இடங்களும் உண்டு. அலுவலகத் தமிழில் நயத்திற்கு இடமில்லை. 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது' என்பதில் மறைந்து நிற்பவர் இறைவன் அல்லர்.

இவ்விடத்தில் நம் உரைநடைக் கதையின் தொடக்கத்தை நினைத்தல் தகும். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பர். அதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் முன்சீபாகவும் பணிபுரிந்தவர். தமிழில் உரைநடைக் கதைநூல் இல்லாத குறையை நீக்கவே அதனை எழுதப் புகுந்தார். 1898-இல் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவ்விருவரும் பகலெல்லாம் அலுவலகத் தாள்களோடு வாழ்ந்தும், கதை எழுத அமர்ந்தபோது மாந்தரை நாடினர். அலுவலக மொழி வேறு, கதை மொழி வேறு என்பது நம் கதையிலக்கியத்தோடு உடன்பிறந்த பாடமாகும்.

கோட்டூர்புரத்து வெள்ளம்: ஓர் எடுத்துக்காட்டு

விதியை மட்டும் கூறினால் சுவை பயவாது. ஆதலின் எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். அடையாற்றின் கரையில் உள்ள கோட்டூர்புரத்தை நம் வாசகர் அறிவர். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்களோடு அங்கே நிமிர்ந்து நிற்கின்றது. தமிழ் பயில்வோர் பலர் அதன் படிகளில் ஏறி இறங்குபவரே. அதே கோட்டூர்புரத்தில், ஆற்றை அடுத்த தாழ்ந்த பகுதிகளிலும் குடியிருப்புகளிலும் 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வெள்ளம் புகுந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய காலம் அது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கிற்று. இந்நிகழ்ச்சியை வைத்துக் கதை எழுதத் தொடங்கும் ஒரு மாணவர் இவ்வாறு எழுதுகின்றார் எனக் கொள்வோம். மாந்தரும் வரிகளும் யாம் கற்பித்தவை.

'இரவு பத்து மணியளவில் ஆற்றில் நீர் அதிகமாகக் காணப்பட்டது. அதனால் தெருவில் இருந்த மக்களிடையே அச்சம் ஏற்பட்டது. வேலம்மாளால் பிள்ளைகள் எழுப்பப்பட்டனர். மாடிக்குச் செல்லும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. சிறிது நேரத்தில் வீட்டினுள் நீர் வந்தது. பானைகள், பாய்கள், மகனுடைய புத்தகங்கள் ஆகியவை நீரால் அடித்துச் செல்லப்பட்டன. மிகுந்த சோகத்துடன் அவை வேலம்மாளால் பார்க்கப்பட்டன.'

இதில் இலக்கணப் பிழை இல்லை. செய்திகள் யாவும் உள்ளன. எனினும் படிப்பவர் நெஞ்சு நனையவில்லை. இனி ஆறு வினாக்களையும் கேட்டு, வினைகளை மட்டும் மாற்றி எழுதுவோம்.

'இரவு பத்து மணி. ஆறு கரையைத் தொட்டது. தெரு விழித்துக்கொண்டது. வேலம்மாள் பிள்ளைகளை உலுக்கினாள். இளையவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். நீர் நிலைப்படியை நக்கிற்று, பின்னர்த் தாண்டிற்று. பானை மிதந்தது. பாய் சுருண்டது. மூத்தவனுடைய புத்தகப்பை ஒருமுறை சுழன்று வாயிலைக் கடந்து போயிற்று. வேலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.'

இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. 'எழுப்பப்பட்டனர்' என்பது 'உலுக்கினாள்' ஆயிற்று. அவள் அச்சம் அவள் கையில் வந்துவிட்டது. ஆதலின் 'அச்சம் ஏற்பட்டது' என்னும் வாக்கியம் தேவையற்றுத் தானே உதிர்ந்தது. 'முயற்சி மேற்கொள்ளப்பட்டது' என்பதில் ஏறினவர் யார், எவ்வாறு ஏறினார் என்பது இல்லை. 'இடுக்கிக்கொண்டு படியேறினாள்' என்பதில் இரண்டும் உண்டு. 'நக்கிற்று' என்னும் சொல், நீரை நாவுள்ள விலங்காக்குகின்றது. அதற்கெனத் தனி உவமை ஒன்று தேட வேண்டுவதில்லை. 'மிகுந்த சோகத்துடன்' என்னும் அடைமொழியும் நீங்கியது. பை வாயிலைக் கடந்ததைக் கண்ட வாசகர்க்கு அதனை எடுத்துச் சொல்லுதல் வேண்டா.

கடைசி வாக்கியத்தை யாம் மாற்றிய முறை சிறிது வேறு. 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்பது நீண்ட வினை. வலிமையான வினையும் அன்று. 'வெறித்தாள்' என்றோ 'கதறினாள்' என்றோ எழுதியிருக்கலாம். ஆயினும், முன்னுள்ள வாக்கியங்களில் எல்லாம் ஏதோ ஒன்று அசைகின்றது. ஆறும் நீரும் பானையும் பாயும் பையும் இயங்குகின்றன. அவள் ஒருத்தியே அசைவற்று நிற்கின்றாள். அந்நிற்றலை அந்நீண்ட, தளர்ந்த வினைதான் காட்டும். வலிய வினைகளுக்கு நடுவே நின்ற மெலிந்த வினை, இங்கு எல்லாவற்றினும் வலியதாகின்றது.

ஏரியைத் திறந்தவர் யார்?

இவ்வெடுத்துக்காட்டில் யாம் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தை விட்டுவைத்தோம். வெள்ளம் பெருகியதன் காரணத்தை வேலம்மாளின் கதையில் எவ்வாறு சொல்லுவது? தமிழ் நமக்கு மூன்று வழி காட்டுகின்றது.

ஒன்று, 'ஏரி திறந்துவிடப்பட்டது.' இஃது அறிவிப்பின் குரல். செய்தவர் இதில் இல்லை.

இரண்டு, 'ஏரி உடைந்தது.' இது வதந்தியின் குரல். உடைந்தது, உடைத்தான், கவிழ்ந்தது, கவிழ்த்தான், முறிந்தது, முறித்தான் என்று தானே நிகழ்வதற்கும் ஒருவர் நிகழ்த்துவதற்கும் வேறுவேறு முடிபுகள் வைத்திருக்கும் மொழி நம் மொழி. 'உடைந்தது' என்றால், குற்றம் எவர்க்கும் இல்லை. இயற்கையின் செயல் அது. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி உடையவில்லை. மதகு வழியே நீரைத் திறந்துவிட்டனர். ஆகவே இச்சொல்லை ஒரு கதைமாந்தர் அஞ்சிச் சொல்லலாம். கதையாசிரியர் தம் கூற்றாகச் சொல்லுதல் ஆகாது. வினையின் ஓர் எழுத்து மாறினால் உண்மையே மாறிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

மூன்று, 'ஏரியைத் திறந்துவிட்டார்கள்.' இது தெருவின் குரல். இதில் எழுவாய் இல்லை; பெயர் சுட்டவும் இல்லை. ஆயினும் 'ஆர்கள்' என்னும் விகுதி, செய்தவர் மனிதர் என்பதை விடாது பற்றிக்கொண்டு நிற்கின்றது. தமிழ் வினைமுற்றின் பெருமையை இங்கே காண்மின்! பெயர் தெரியாத போதும், செய்தவருடைய நிழலையேனும் அது விட்டுவைக்கின்றது. 'பட்டது' என்னும்போது அந்நிழலும் அழிந்து, 'து' என்னும் அஃறிணை விகுதி மட்டும் எஞ்சுகின்றது.

எப்பொழுது, எவ்வளவு, யார் கட்டளையால் நீரைத் திறந்தனர் என்னும் வினாக்கள் அவ்வெள்ளத்தின் பின் நாட்டில் நெடுநாள் எழுந்தன. அவ்வினாக்களுக்கு விடை கூறுதல் கதையாசிரியர் கடமையன்று. ஆனால் அவ்வினாக்கள் எழ இடமில்லாதபடி வாக்கியத்தை மூடிவிடுதலும் அவர் கடமையன்று. செயப்பாட்டு வினையைக் கதையில் அடியோடு விலக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. நள்ளிரவில் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பை எழுதுங்கால் 'நீர் திறந்துவிடப்படுகிறது' என்றே எழுதுக. அதனைக் கேட்ட வேலம்மாள், 'யார் திறந்தார்கள்?' என்று அண்டை வீட்டாரைக் கேட்கட்டும். அவ்விரு வாக்கியங்களுக்கு இடையேயுள்ள தொலைவே ஒரு சிறந்த கதைக்குப் போதிய பொருளாகும். செய்தவரை உண்மையிலேயே அறியமுடியாத இடத்திலும், அறிந்தும் சொல்ல அஞ்சும் மாந்தர் பேசும் இடத்திலும், செய்யப்பட்டவரே நம் கருத்து முழுவதையும் ஈர்க்கவேண்டிய இடத்திலும் 'படு' தன் தொழிலைச் செவ்வனே செய்யும். வழக்கத்தால் வருவது குற்றம். வேண்டி வைப்பது குற்றமன்று.

ஓர் எச்சரிக்கை

மெலிந்த வினைகளை நீக்கவேண்டும் என்று கேட்ட சிலர், மறுநாளே எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிடுவர். அவர் கதையில் எவரும் பேசார். எல்லாரும் முழங்குவர், கர்ச்சிப்பர், சீறுவர். எவரும் எழார், துள்ளி எழுவர். கதிரவன் உதியான், கீழ்வானைக் கிழித்துப் பாய்வான். இதுவும் நோயே. வலிய வினை என்பது உரத்த வினை அன்று, பொருந்திய வினை. 'என்றான்' என்னும் சிறு சொல், படிப்பவர் கண்ணை உறுத்தாமல் தன் பணியைச் செய்து விலகும். அதனை மாற்றவேண்டுவது அரிது. அவ்வாறே, 'வெட்கப்பட்டாள்' என்பதில் 'பட்டாள்' இருக்கின்றதே என்று அஞ்சி, இக்காலத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி 'நாணினாள்' என்று எழுதுதல் வேண்டா. வெட்கப்படுதல், ஆசைப்படுதல், அகப்படுதல் என்பவற்றில் உள்ள 'படு', செய்தவரை மறைக்கும் 'படு' அன்று. உற்றதனை உணர்த்தும் நல்ல தமிழ் வினையே. அகராதியில் அரிய சொல் கண்டோம் என்று அதனை ஏழை வேலம்மாளின் தலையில் ஏற்றுவது, அவள் ஏற்கெனவே சுமக்கும் சுமைக்குமேல் ஒரு சுமை.

பயிற்சி

இதுகாறும் கூறியவற்றைக் கைக்கொள்ள விரும்பும் நண்பர்க்கு எளிய பயிற்சி ஒன்று கூறுவோம். நீங்கள் எழுதிய கதையில் ஒரு பக்கத்தை எடுத்து, வினைமுற்றுகளின்கீழ் மட்டும் கோடிடுக. அவ்வினைகளைத் தனியே ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படித்துப் பார்க்க. 'இருந்தது, காணப்பட்டது, ஏற்பட்டது, செய்தான், இருந்தது, கூறப்பட்டது' என்று வருமாயின், அப்பக்கத்தில் கதை நிகழவில்லை என்று அறிக. 'உலுக்கினாள், ஏறினாள், தாண்டிற்று, மிதந்தது, சுருண்டது' என்று வருமாயின், பெயர்கள் இல்லாமலே ஒரு கதை அதில் தோன்றும்.

அடுத்து, 'பட்டது' உள்ள ஒவ்வோர் இடத்திலும் 'யாரால்?' என்று கேட்க. விடை தெரியுமாயின், அவரை எழுவாயாக்குக. தெரியாதாயின், கதை சொல்லுபவர்க்குத் தெரியாதா, அன்றி எழுதும் உமக்கே தெரியாதா என்று ஆராய்க. முன்னது கதையின் மறைபொருள். பின்னது உழைப்பின் குறை. பின்னர், அடைமொழி ஏற்ற வினைகளை நோக்கி, அடைமொழியின் பொருளைத் தன்னுள் அடக்கிய வினை ஒன்று உண்டா என்று தேடுக. கிடையாதாயின் அடைமொழியையே வைத்துக்கொள்க. இறுதியாக, எழுதியதை வாய்விட்டுப் படித்து, பாட்டியாரோ அண்டை வீட்டாரோ அந்நிகழ்ச்சியை எவ்வாறு சொல்லுவர் என்று நினைத்துப் பார்க்க. அவர்கள் 'நீர்மட்டம் உயர்ந்து காணப்பட்டது' என்று சொல்லார். 'தண்ணீர் ஏறிவிட்டது' என்பர். பெரும்பாலும் அவர்கள் சொல்லே வெல்லும்.

முடிவுரை

நண்பர்காள்! வினைச்சொல்லைத் தேர்தல் நடையழகுக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதற்க. நாளை நம்முள் சிலர் அலுவலராவர்; சிலர் ஆசிரியராவர்; சிலர் செய்தித்தாளில் எழுதுவர். 'தவறு நிகழ்ந்துவிட்டது', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்னும் வாக்கியங்கள் அந்நாளில் நம் பேனாவின் நுனியில் தாமே வந்து நிற்கும். யார் செய்தார், யாருக்குச் செய்தார், யார் அதனைத் தாங்கினார் என்று கேட்கும் பழக்கத்தைக் கதை எழுதும் இந்நாளிலேயே பெறுவோமாயின், அந்நாளிலும் அது நம்மை விட்டு நீங்காது. செய்தவரைச் சொல்லும் மொழி நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற மொழி. அதனை அவ்வாறே ஆளுவோமாக.